உன் அம்மாவை எனக்குத் தெரியாது

மழை என்று சொல்ல முடியாத தூறல். குடையை விரித்தால் அநாவசியம்போல இருக்கும். மடக்கினால் கண்ணாடி நனையும். நான் விரித்துப் பிடித்திருந்தேன். அப்படிப் பிடிக்கச் சொன்னவள் என்னோடு வேலை செய்யும் அச்சோல்.

மேற்குச் சிட்னியின் டூங்காபியில், ரயில் பாதைக்குக் கிட்டவாக, ஒரு செங்கல் வீட்டின் வாசல். காலை நேரம். குப்பை லொறி வருகிற நாள் என்பதால் தெரு நெடுகச் சிவப்பு மூடித் தொட்டிகள் வரிசையாக நின்றன. எதிர் வீட்டு நாய் எங்களைப் பார்த்துக் குரைத்துக் களைத்து, வேலி இடுக்கில் மூக்கை வைத்துப் படுத்துவிட்டது.

வீட்டின் பக்கவாட்டில் ஒரு கராஜ். அதை அறையாக்கி வாடகைக்கு விட்டிருந்தார்கள். அதற்குள் சுதன் இருந்தான். உள்ளே பூட்டிக்கொண்டிருந்தான். முதல்நாள் மாலையிலிருந்து யார் தட்டியும் பதில் இல்லை. நாங்கள் வந்த பிறகு ஒரு தடவை கதிரையின் கால் தரையில் இழுபடும் சத்தம் கேட்டது. உயிரோடு இருக்கிறான் என்பதற்கு அந்தச் சத்தம் மட்டும்தான் சாட்சி.

அம்புலன்ஸுக்குச் சொல்லியாகிவிட்டது. அது வரும்வரை அவன் இருக்க வேண்டும். வேறு எதையும் நான் அன்று வேண்டிக்கொள்ளவில்லை.

"சிவா, நீ முன்னால் நில்," என்றாள் அச்சோல். "பொலிஸும் சேர்ந்து வந்தால் அவர்கள் முதலில் பார்க்கிற முகம் உன்னுடையதாக இருக்கட்டும். குடை பிடித்த குள்ளமான அன்ரியைப் பார்த்து யாரும் பயப்பட மாட்டார்கள்."

"நான் குள்ளமில்லை."

"என் பக்கத்தில் நின்றால் எல்லோரும் குள்ளம்தான்."

அந்த வேளையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

திகதி போடாத பகுதி

இத்தொடரை வாசித்து வருபவர்களுக்கு என் திகதிப் பித்துத் தெரியும். வென்ட்வேர்த்வில்லில் முதல் தமிழ் மளிகைக் கடை திறந்தது வெள்ளிக்கிழமை என்று எழுதப்போய், அது சனிக்கிழமை என்று ஒரு வாசகர் தொலைபேசியில் அழைத்துத் திருத்தினார். அவர் சொன்னது சரி. அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இந்தப் பகுதிக்கு நான் திகதி போடப்போவதில்லை. ஆண்டும் இல்லை. ஒரு திகதியை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடக்கூடிய அளவுக்குச் சிறியது சிட்னியில் எங்கள் சமூகம். சுதன் என்பது அவன் பெயரல்ல. எழுதலாமா என்று கேட்டபோது அவன் ஒரே ஒரு நிபந்தனை வைத்தான்.

"எழுதுங்கோ அன்ரி. ஊர்ப் பெயர் மட்டும் போடாதேங்கோ."

ஆகவே ஊர்ப் பெயரும் இல்லை. குளிர்காலம் என்பது மட்டும் உறுதி. அந்தத் தூறல் குளிர்காலத்தில்தான் வரும்.

அப்போது நான் மேற்குச் சிட்னியில் ஒரு கவுன்சில் நூலகத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். தமிழ் நூல்களுக்கென்று ஜன்னலோரமாக ஒரு அலுமாரி கேட்டு வாங்கி, அதை என் பிள்ளையைப்போல வளர்த்து வந்தேன். அச்சோல் அதே நூலகத்தில் சிறுவர் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவள். தென் சூடானில் பிறந்து, கென்யாவில் அகதி முகாமில் வளர்ந்து, சிட்னியில் பட்டம் படித்தவள். புதன்கிழமைகளில் அவள் கதை சொல்லும்போது சீனப் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும் லெபனான் பிள்ளைகளும் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

சுதன் என் அலுமாரிக்கு வந்தவன். படகில் வந்தவன். வில்லாவுட் தடுப்பு முகாமில் இருந்துவிட்டு, பிரிட்ஜிங் விசா என்கிற தற்காலிக விசாவில் வெளியே வந்து, அந்த விசாவைப் புதுப்பித்துப் புதுப்பித்து இருபதுகளைக் கடந்து முப்பதுகளின் நடுவுக்கு வந்துவிட்டவன். பாண் என்கிற ரொட்டி செய்யும் தொழிற்சாலையில் வேலை. அவன் எடுத்துப் போகும் புத்தகங்களில் லேசாக ஈஸ்ட் வாசனை அடிக்கும். திரும்பி வந்த புத்தகத்தை முகர்ந்தே இதை அவன் வாசித்திருக்கிறான் என்று சொல்லிவிடுவேன்.

"யோசினை கூடிப்போச்சு"

அவன் மெலியத் தொடங்கியதை முதலில் கவனித்தவள் அச்சோல். நான் கவனித்தது புத்தகங்களை. தடித்த நாவல்களை விட்டுவிட்டு மெல்லிய புத்தகங்களாக எடுத்தான். பிறகு எடுக்காமல், அலுமாரிக்குப் பக்கத்துக் கதிரையில் வெறுமனே இருந்துவிட்டுப் போனான்.

"என்ன தம்பி, வாசிக்கிறேல்லையோ?"

"எழுத்து நிக்குதில்லை அன்ரி. ஓடுது."

"நித்திரை கொள்ளுறனியோ?"

"கண்ணை மூடினால் வில்லாவுட். திறந்தால் கராஜ்."

அவனோடு அந்த வீட்டில் இருந்த ரவி ஒருநாள் வந்து என்னிடம் தனியாகச் சொன்னான்: "அன்ரி, அவனுக்கு யோசினை கூடிப்போச்சு."

எங்கள் சனத்திடம் இதற்கு இருக்கிற சொல் அதுதான். யோசினை. அது கூடினால் பிரஷர் என்பார்கள். இன்னும் கூடினால் சனி என்பார்கள். ரவி நல்ல பிள்ளை. சுதனை மேய்ஸ் ஹில் முருகன் கோயிலுக்குக் கூட்டிப்போய் எள் விளக்கு ஏற்றுவித்தான். நவக்கிரகத்தைச் சுற்றச் செய்தான். நான் அதைக் குறை சொல்லமாட்டேன். அந்த வெள்ளிக்கிழமை சுதன் கோயில் மண்டபத்தில் ஒரு தட்டுச் சோறு முழுதாகச் சாப்பிட்டான் என்று ரவி சொன்னபோது எனக்கும் ஆறுதலாகத்தான் இருந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் விலகிப் போகிறேன். என்னிடம் ஒரு பெட்டி நிறையக் கல்வெட்டுகள் இருக்கின்றன. வாசகர்களில் இந்தியத் தமிழர்களுக்காகச் சொல்கிறேன்: இறந்தவரின் முப்பத்தோராம் நாளுக்கு அச்சிட்டுக் கொடுக்கும் நினைவுப் புத்தகத்தை நாங்கள் கல்வெட்டு என்போம். படம், பிறந்த நாள், மறைந்த நாள், தேவாரம், குடும்பத்தார் நன்றியுரை. சமூக வரலாறு எழுதுகிறவளுக்கு அதைவிட நல்ல ஆதாரம் இல்லை. அவற்றில் வயதானவர்கள் "இறைவனடி சேர்ந்தார்கள்". நோயாளிகள் "சுகவீனமுற்றிருந்து" காலமானார்கள். சிலர் மட்டும் "சடுதியாக" மறைந்தார்கள். இளவயதுப் படங்கள். அந்தச் "சடுதி"யில் உண்மையில் மாரடைப்பும் உண்டு, விபத்தும் உண்டு. மற்றதும் உண்டு. எது எது என்று மண்டபத்தில் வடையும் தேநீரும் பரிமாறிய எல்லோருக்கும் தெரியும். யாரும் யாரிடமும் சொன்னதில்லை.

ஒருநாள் அந்தப் பெட்டியைத் தூசி தட்டும்போது சுதனுடைய படம் எந்தப் படமாக இருக்கும் என்று மனதில் ஓடியது. உடனே பெட்டியை மூடிவிட்டேன்.

தெரிந்த குரல்

விசா மேன்முறையீடும் நிராகரிக்கப்பட்டு வந்த வாரத்தில், சுதன் நூலகத்தின் பின் அறையில் என் முன்னால் உட்கார்ந்து, "இனி இருந்து என்னத்துக்கு அன்ரி?" என்று கேட்டான். குரலில் கோபமில்லை, அழுகையில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பதுபோலக் கேட்டான்.

நான் படித்தவள். எங்கே அழைக்க வேண்டும் என்று தெரியும். நெருக்கடியில் இருப்பவர்களுக்கான உதவி எண் ஒன்றை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டேன். இதமான ஒரு பெண் குரல் வந்தது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டது.

"ஓம்," என்றோம் இருவரும் ஒரே நேரத்தில்.

வேறென்ன சொல்வோம்? மனதில் உள்ளதைத் தாய்மொழியில்தானே சொல்ல முடியும் என்று நாங்கள் இருவரும் நம்பினோம். என் அலுமாரியே அந்த நம்பிக்கையில் கட்டியதுதான்.

கொஞ்சம் இசை ஒலித்தது. பிறகு மொழிபெயர்ப்பாளர் இணைந்தார். தன் பெயரைச் சொல்லவில்லை, அடையாள எண்ணைத்தான் சொன்னார். "வணக்கம். நீங்கள் சொல்வதை நான் அப்படியே மொழிபெயர்ப்பேன். இங்கே பேசுவது எல்லாம் இரகசியமாகக் காக்கப்படும்."

சுதனின் முகம் ஜன்னலுக்குத் திரை போட்டதுபோல ஆனது.

எனக்கும் அந்தக் குரல் தெரிந்திருந்தது. சுதனுடைய ஊர்ச் சங்கத்தின் ஒவ்வொரு ஒன்றுகூடலிலும் ஒலிவாங்கியில் கேட்கிற குரல். அவரைத் தயாபரன் அண்ணை என்று வைத்துக்கொள்வோம். ஊரில் அவருடைய தங்கச்சி வீட்டுக்கும் சுதனின் அம்மா வீட்டுக்கும் இடையில் ஒரு கிடுகு வேலிதான்.

"எப்படி உணர்கிறீர்கள் என்று கேட்கிறார்," என்றது குரல்.

சுதன் தொண்டையைச் செருமினான். "நல்லா இருக்கிறன்."

உதவி எண்ணில் இருந்த பெண் விடவில்லை. வாழ விருப்பமில்லாமல் இருக்கிறதா என்று நேராகவே கேட்டார். அதைத் தமிழில் சொல்ல வேண்டிய இடத்தில் தயாபரன் அண்ணை, "தம்பி..." என்று தொடங்கி, நிறுத்தி, மூச்சு வாங்கி, முறைப்படி முழுக் கேள்வியையும் சொன்னார். அவருக்கும் ஆளைத் தெரிந்துவிட்டது.

"இல்லை இல்லை. அப்பிடி ஒண்டும் இல்லை," என்றான் சுதன். ஒரு சின்னச் சிரிப்புக்கூடச் சிரித்தான். "கொஞ்சம் நித்திரைப் பிரச்சினை மட்டும்."

மறுமுனையில் இருந்தவர் இன்னும் சில கேள்விகள் கேட்டு, குடும்ப மருத்துவரைப் பார்க்கச் சொல்லி, எந்த நேரமும் திரும்ப அழைக்கலாம் என்று சொல்லி விடைபெற்றார். சுதன் எழுந்து என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனான்.

தயாபரன் அண்ணையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை அவரைக் கோயிலில் பார்த்திருக்கிறேன். வழக்கம்போலச் சிரிப்பார், "சாப்பிட்டியளோ?" என்பார். கண்ணில் ஒரு அசைவு கிடையாது. ஒரு சொல் வெளியே போகவில்லை. தன் தொழிலின் விதியை அவர் கடைசிவரை காத்தார். சுதனின் வாயை அடைத்தது அவர் சொல்லப்போகும் எதுவும் இல்லை. அவர் ஒருவர் அறிந்திருப்பார், அதுவே போதுமாக இருந்தது.

வாசல் ஆட்கள்

நடந்ததை அச்சோலிடம் சொன்னேன். பெயர்களைச் சொல்லவில்லை. தேவைப்படவும் இல்லை.

"ஐயோ சிவா," என்று நெற்றியில் கை வைத்தாள். "எங்கள் மொழிபெயர்ப்பாளர் என் சித்தப்பாவின் மச்சான். அவர் குரல் வந்ததும் பிளாக்டவுன் முழுக்க எல்லோருக்கும் உடம்பு சுகமாகிவிடும்."

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு விளக்கினாள். அவளுடைய சமூகத்துப் பெண்கள் மொழிபெயர்ப்பாளர் தேவைப்படும்போது, "வேறு மாநிலத்தில் இருக்கிற ஒருவரைத் தாருங்கள்," என்று கேட்பார்களாம். பேர்த்தில் இருந்து, அடிலெய்டில் இருந்து. பெண் வேண்டுமா ஆண் வேண்டுமா என்றும் சொல்லலாம். கேட்டால் பெரும்பாலும் ஏற்பாடு செய்கிறார்கள். கேட்கலாம் என்பதே எனக்குத் தெரியாது. இதை வாசிப்பவர்கள் யாருக்காவது உதவும் என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

அன்றைக்குத்தான் அவள் தன் தம்பியைப் பற்றிச் சொன்னாள். புத்தகங்களை அடுக்கிக்கொண்டே, என் முகத்தைப் பாராமல் சொன்னாள்.

தம்பி மெல்பேர்னில் இருந்தவன். மனம் குழம்பியிருந்தான். வீட்டார் பயந்துபோய் உதவிக்கு அழைத்தார்கள். வந்தவர்கள் சீருடையில் வந்தார்கள். அவர்கள் கத்தவில்லை, தொடவில்லை, கெட்ட வார்த்தை பேசவில்லை. ஆனால் அவன் சீருடையைக் கண்டே ஓடப் பழகிய நாட்டில் பிறந்தவன். பின்கதவால் ஓடினான். ஓடிய இடம் பெருந்தெரு.

"உயரமான கறுப்புப் பையன் ஓடினால் பார்க்கிறவனும் பயப்படுகிறான். ஓடுகிறவனும் பயப்படுகிறான்," என்றாள். "நடுவில் நின்று இரண்டு பேருக்கும் ஆளை ஆள் அறிமுகம் செய்துவைக்க அன்றைக்கு யாரும் இல்லை."

அதிலிருந்து பிறந்ததுதான் அவர்களுடைய வழக்கம். பிளாக்டவுன் பக்கத்து ஆபிரிக்கக் குடும்பங்களில் யாருக்காவது இப்படி ஒரு நெருக்கடி என்றால் அவசர உதவிக்கும் அழைப்பார்கள், அதே நிமிடத்தில் தங்களுக்குள்ளும் அழைப்பார்கள். யார் கிட்டத்தில் இருக்கிறார்களோ அவர்கள் வந்து வாசலில் நிற்பார்கள். உள்ளே போய் உபதேசம் செய்வதில்லை, காரணம் கேட்பதில்லை. வருகிறவர்களிடம் மூன்று விஷயம் சொல்வது மட்டும்தான் வேலை. அவர் பெயர் இது. அவருக்குச் சுகமில்லை. அவர் யாருக்கும் தீங்கு செய்யமாட்டார்.

"அவ்வளவுதானா?" என்று கேட்டேன்.

"பெயர் தெரிந்த ஆளிடம் மனிதர்கள் மெதுவாகப் பேசுவார்கள்," என்றாள்.

வியாழக்கிழமைகளில் ஒரு தேவாலய மண்டபத்தில் ஆண்கள் கூடி உட்காருவார்கள் என்றும், அங்கே தாதி ஒருவரும் வருவார் என்றும், சுதனை அழைத்து வரலாம் என்றும் சொன்னாள். நான் அவனிடம் சொன்னேன்.

"ஆபிரிக்கச் சனத்தோட நான் போய் என்ன கதைக்கிறது அன்ரி?" என்றான்.

அது நியாயமான கேள்வியாகத்தான் எனக்கும் பட்டது.

திருப்பித் தந்த காட்

அடுத்த தடவை வந்தபோது தன்னிடமிருந்த எல்லாப் புத்தகங்களையும் ஒரு பையில் கொண்டுவந்தான். மேசையில் அடுக்கினான். கடைசியாகத் தன் நூலக அட்டையை எடுத்து மேலே வைத்தான்.

"இந்தக் காட்டை வச்சிருங்கோ அன்ரி. எனக்கு இனித் தேவைப்படாது."

நாடு கடத்தப்படுவதைப் பற்றிச் சொல்கிறான் என்று நினைத்தேன். "ஏன் தம்பி அப்பிடிச் சொல்லுறீர்? லோயரிட்ட இன்னொருக்காக் கதைப்பம்," என்றேன். தலையாட்டினான். "போட்டு வாறன் அன்ரி," என்றான். வாறன் என்றுதான் சொன்னான்.

மறுநாள் காலை, நூலகம் திறக்க முன்னரே ரவியின் அழைப்பு வந்தது.

"அன்ரி, அவன் கதவைத் திறக்கிறான் இல்லை. நேற்று தன்ர ரைஸ் குக்கரை என்னட்டத் தந்தவன். சைக்கிளையும் எடுக்கச் சொன்னவன். நான் புதுசு வாங்கப் போறான் எண்டு நினைச்சன் அன்ரி..." அழுதுவிட்டான். "ஊர்ச் சங்கத்துக்கு அடிக்கட்டோ? தயாபரன் அண்ணையைக் கூப்பிடட்டோ?"

பக்கத்தில் கதைப் புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்த அச்சோலுக்குத் தமிழ் தெரியாது. என் முகம் தெரியும். "தன் பொருட்களைக் கொடுத்தானா?" என்று கேட்டாள். நான் தலையசைத்தபோது அவள் கையில் கார்ச் சாவி இருந்தது.

சங்கத்துக்கு அழைக்க வேண்டாம், கதவை விட்டு விலகாமல் நில் என்று ரவியிடம் சொன்னேன். காரில் அச்சோல் அவசர உதவிக்குப் பேசினாள். சுகமில்லாத ஒருவர், பூட்டிய அறை, கையில் ஆயுதம் எதுவும் இல்லை, சீருடைக்குப் பயப்படுவார். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சொன்னாள். பிறகு மஜோக் என்கிற ஒருவருக்கு அழைத்தாள். பஸ் ஓட்டுநர். அன்றைக்கு விடுப்பில், டூங்காபிக்குக் கிட்டவே இருந்தார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மஜோக் ஏற்கெனவே கராஜ் கதவடியில், ஈரச் சீமெந்துத் தரையில், முதுகைக் கதவில் சாய்த்து உட்கார்ந்திருந்தார். எழுந்தால் கூரையைத் தொடுகிற உயரம். ரவி ஒரு ஓரத்தில், ரைஸ் குக்கரைக் கொடுத்தவனை நினைத்துக் கைகளைப் பிசைந்துகொண்டு நின்றான்.

கராஜ் கதவடியில்

ரவி ஒரு தடவை கதவருகே போய்க் கெஞ்சினான். "டேய் சுதன், திறவடா. அம்மாவை நினைச்சுப் பாரடா."

உள்ளேயிருந்து அன்று வந்த முதல் சொற்கள் அப்போதுதான் வந்தன. "அம்மாவுக்குச் சொல்லாதை. ஊர்ச் சனத்தைக் கூப்பிடாதை. போ."

ரவி பின்வாங்கினான். நானும் கதவை நெருங்கவில்லை. நானும் ஊர்ச் சனம்தானே.

அச்சோல் என்னை வாசலுக்கு அனுப்பினாள். குடையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நின்றேன். அங்கிருந்து மஜோக்கின் குரல் கேட்டது. ஆங்கிலம் அவருக்கும் பிற்காலத்தில் வந்த மொழி. ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக எடுத்து வைத்தார்.

"தம்பி, என் பெயர் மஜோக். நான் பஸ் ஓட்டுகிறவன். உன் அம்மாவை எனக்குத் தெரியாது. உன் ஊர் தெரியாது. உன் கோயில் தெரியாது. நீ என்னிடம் என்ன சொன்னாலும் அதைக் கொண்டுபோய்ச் சொல்ல எனக்கு அங்கே ஒருவரும் இல்லை."

எதிர் வீட்டு நாய் தலையைத் தூக்கிப் பார்த்தது.

"நீ பேசாவிட்டாலும் பரவாயில்லை. எனக்கு இன்றைக்கு லீவு. ஆனால் தரை குளிர்கிறது."

நீண்ட நேரம் கழித்து உள்ளேயிருந்து சுதனின் குரல். ஆங்கிலத்தில். அவன் ஆங்கிலத்தை நான் பாண் தொழிற்சாலை ஆங்கிலம் என்று நினைத்திருந்தேன். "யேஸ் பொஸ்", "ஃபினிஷ் பொஸ்". அதே ஆங்கிலத்தில் சொன்னான்: "ஐ ஆம் டயர்ட்."

"ம்," என்றார் மஜோக்.

"எவ்ரிடே ஐ வெயிட். டென் இயர், மோர். ஐ ஃபினிஷ் வெயிட்டிங்."

"ம்."

அதன்பிறகு அவன் நிறுத்தவில்லை. எல்லாம் எனக்குக் கேட்கவில்லை. கேட்டதையும் நான் இங்கே எழுதமாட்டேன். காலமும் இலக்கணமும் இல்லாத அந்த உடைந்த ஆங்கிலத்தில், ஜன்னலோர அலுமாரிக்குப் பக்கத்தில் இத்தனை காலம் என்னிடம் சொல்லாத எல்லாவற்றையும் அவன் ஒரு பஸ் ஓட்டுநரின் முதுகுக்குச் சொன்னான். நான் குடைக்குள் நின்று அழுதேன். அவனுக்காகத்தான் அழுதேன். கொஞ்சம் என் அலுமாரிக்காகவும்.

தெரு முனையில் அம்புலன்ஸ் திரும்பியது. பின்னால் பொலிஸ் கார்.

இறங்கிய இளம் பொலிஸ்காரரின் கண் என்னைத் தாண்டி, அச்சோலைத் தாண்டி, கராஜ் வாசலில் இருந்த மஜோக்கிடம் போய் நின்றது. "நீங்கள் யார்? கையைத் தெரியும்படி வைத்து எழும்புங்கள்," என்றார். அவர் வேலை அது; குரல் உயரவில்லை. மஜோக் உடனே இரண்டு கைகளையும் முழங்காலில் விரித்து வைத்தார். அசையாமல் இருந்தார். பழகியவர்போல அதைச் செய்தார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"எக்ஸ்கியூஸ் மீ," என்றேன். என் குரல் கீச்சென்றது. குடையோடு அவருக்குக் குறுக்கே போய் நின்றேன். "உள்ளே இருப்பவர் பெயர் சுதன். அவருக்குச் சுகமில்லை. அவர் யாருக்கும் தீங்கு செய்யமாட்டார். இவர் அவரோடு பேசிக்கொண்டிருக்கிறார். தயவுசெய்து பேச விடுங்கள்."

இன்னொரு பொலிஸ்காரி, வயதில் மூத்தவர், என்னைப் பார்த்தார், மஜோக்கைப் பார்த்தார். சீருடை பற்றி அச்சோல் தொலைபேசியில் சொன்ன செய்தி அவருக்கு எட்டியிருந்தது. இளையவரின் முழங்கையைத் தொட்டார். இருவரும் குப்பைத் தொட்டிகளுக்கு அப்பால் போய் நின்றார்கள். அம்புலன்ஸ் பெண் தன் பச்சை உடுப்பின் மேல் அச்சோலின் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு மஜோக்கின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

கதவு திறந்தபோது குப்பை லொறியும் வந்துவிட்டது. தொட்டிகளைத் தூக்கிக் கவிழ்க்கும் இரைச்சலுக்குள் சுதன் வெளியே வந்தான். யாரையும் பார்க்கவில்லை. என்னைக் கடக்கும்போது நான் "தம்பி" என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

இன்னொரு வாசல்

மருத்துவமனையில் கொஞ்ச நாட்கள் இருந்தான். பிறகு வெளியே வந்தான். விசாவில் ஒன்றும் மாறவில்லை. இதை எழுதும் இன்றைக்கும் மாறவில்லை. சில வாரங்கள் சமாளிக்கிறான், சில வாரங்களில் ரவி எனக்கு அழைக்கிறான். வியாழக்கிழமைகளில் பிளாக்டவுன் மண்டபத்துக்குப் போகிறான் என்று அச்சோல் சொல்வாள். அங்கே மஜோக்குக்குப் பக்கத்துக் கதிரையில் இருப்பானாம். அதே உடைந்த ஆங்கிலத்தில் கதைப்பானாம். நூலகத்துக்கு வரவில்லை. நான் ஓய்வு பெறும்வரை வரவேயில்லை. அவனுடைய காட் என் கைப்பையின் உள்ஜிப்பில் இருந்தது. எடுத்து வெளியே வைக்க மனம் வரவில்லை.

சென்ற குளிர்காலத்தில் ஒரு பிற்பகல் அச்சோல் அழைத்தாள். பிளாக்டவுனில் ஒரு வீடு. தான் தூரத்தில் இருப்பதாகவும், வாசலுக்கு ஆள் போதாது என்றும் சொன்னாள். உள்ளே இருக்கிற பையனின் பெயரை மட்டும் சொன்னாள். அதை வழி நெடுக வாய்க்குள் சொல்லிக்கொண்டு போனேன்.

அந்த வீட்டு வாசலில் எனக்கு முன்னரே ஒருவர் நின்றுகொண்டிருந்தார். பாண் தொழிற்சாலையின் நீல ஜக்கெட். கிட்டப் போனதும் ஈஸ்ட் வாசனை வந்தது.

"வந்திட்டியளோ அன்ரி," என்றான் சுதன். எத்தனையோ காலத்துக்குப் பிறகு அவன் வாயில் கேட்ட தமிழ்.

உள்ளே ஒரு தாய் எங்கள் இருவருக்கும் தெரியாத மொழியில் அழுதுகொண்டிருந்தாள். நாங்கள் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவனுடைய தலைமயிர் முன்பக்கம் நரைத்திருந்தது. சாப்பிட்டாயா என்று கேட்க வாயெடுத்து, வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

"என்ர காட் உங்களிட்ட இருக்கோ?" என்று கேட்டான்.

"ஓம். இந்தா, பையிக்கதான்..." ஜிப்பைத் திறக்கப் போனேன்.

"இப்ப வேண்டாம். வச்சிருங்கோ." கொஞ்சம் பொறுத்து, "எறிஞ்சு போடாதேங்கோ," என்றான்.

பொலிஸ் கார்தான் முதலில் வந்தது. கதவு திறந்து சீருடை இறங்கியதும் சுதன் வீட்டுக் கதவுப் பக்கமாக ஓர் அடி பின்வாங்கினான். நான் முன்னால் போவதற்குக் குடையை மாற்றிப் பிடித்தேன்.

அதற்குள் அவன் முன்னால் ஓர் அடி எடுத்து வைத்துவிட்டான். உள்ளே இருந்த பையனின் பெயரைச் சொன்னான்.